குப்பி தெளிவாத்தான் இருக்கு, சீனி இறங்குதில்லை: இன்சுலினில் மாறினது எது?

வாவிக்கரை_உயிரியல் கேட்டது:

உயர்தர உயிரியலில் ‘புரதத்தின் வடிவமே அதன் தொழிலைத் தீர்மானிக்கிறது’ என்று ஒரு வரி எழுதிக்கொடுப்பது லேசு. பிள்ளைகள் அதோடு விடுகிறார்கள் இல்லை. மட்டக்களப்பில் சீனி வருத்தம் (நீரிழிவு) இல்லாத குடும்பத்தைத் தேடத்தான் வேணும். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் கறண்ட் நின்றால் பிறிட்ஜில் இருக்கிற இன்சுலினுக்கு என்ன நடக்கும் என்பது அவர்களுக்குப் பரீட்சைக் கேள்வி இல்லை, வீட்டுக் கேள்வி.

வெயிலில் கிடந்த குப்பியிலும் அதே 51 அமினோ அமிலங்கள், அதே ஒழுங்கு. பார்வைக்கும் தெளிவு. போட்டால் சீனி இறங்கவில்லை என்கிறார்கள். அப்படியென்றால் மாறினது எது? ‘இயல்பழிந்துவிட்டது’ என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்த எனக்கு விருப்பமில்லை.

இன்னும் இரண்டு. பழுதான குப்பியைக் கண்ணால் அறிய வழி உண்டா? நிறமானி இல்லாத பாடசாலை ஆய்வுகூடத்தில் காட்டக்கூடிய செய்முறை இருந்தால் அளவுகளோடு சொல்லுங்கள். முட்டை வெள்ளைக்கருவை அவிக்கச் சொல்ல வேண்டாம், அதில் ஓமோனும் இல்லை, ஓமோனின் வேலையும் இல்லை.

---

மடிப்பும்_முறுக்கும் பதில்:

சேர், குப்பிக்குள் இருக்கும் வடிவம் வேறு, உடம்பில் வேலை செய்யும் வடிவம் வேறு. இதிலிருந்து தொடங்கினால்தான் மற்றதெல்லாம் விளங்கும்.

ஏ சங்கிலியில் 21, பி சங்கிலியில் 30 அமினோ அமிலங்கள். ஏ7–பி7, ஏ20–பி19 (எழுத்து சங்கிலி, எண் அதில் உள்ள இடம்) என்ற இரண்டு இருசல்பைட்டுப் பிணைப்புகள் இரு சங்கிலிகளையும் தைத்து வைத்திருக்கின்றன. மூன்றாவது பிணைப்பு ஏ6–ஏ11, அது ஏ சங்கிலிக்கு உள்ளேயே. இது தனி மூலக்கூறு. மி.லீ. க்கு 100 அலகு உள்ள குப்பியில் அதன் செறிவு ஏறக்குறைய 0.6 மில்லிமோலார். அந்தச் செறிவில் அது தனியாக நிற்காது. பி24 தொடக்கம் பி26 வரையான துண்டுகள் எதிரெதிராக ஒட்டிச் சோடி சேரும். மூன்று சோடிகள் இரண்டு நாக (Zn) அயன்களைச் சுற்றி ஆறு மூலக்கூறுக் கூட்டாகும். நாகத்தைப் பிடிப்பது ஒவ்வொரு மூலக்கூறிலும் உள்ள பி10 ஹிஸ்ரிடீன். பிரித்தானிய இரசாயனவியலாளர் டொரத்தி ஹொட்ஜ்கினின் குழு 1969 இல் எக்ஸ் கதிரால் கண்டது இந்த நாகக் கூட்டைத்தான். குப்பியில் சேர்க்கப்படும் பீனோல் அல்லது மெற்றாகிரெசோல் கிருமிக்கு மட்டும் அல்ல, கூட்டை இறுக்கிவைக்கவும் உதவும்.

வாங்கியில், அதாவது கலத்தின் மேல் ஓமோன் வந்து ஒட்டும் புரதத்தில், ஒட்டவேண்டிய முகத்தின் பெரும்பகுதி இந்தக் கூட்டுக்குள் மறைந்து கிடக்கிறது. ஆகவே கூட்டுக்குச் செயற்பாடு கிடையாது, அது வெறும் களஞ்சியம். தோலுக்குக் கீழே போனதும் பீனோல் விலகி, செறிவு குறைந்து, ஆறு இரண்டாகி, இரண்டு ஒன்றாக வேண்டும். சாதாரண கரையும் இன்சுலினைச் சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முந்திப் போடச் சொல்வது இதனால்தான். லிஸ்ப்ரோ என்ற வேகமான இன்சுலினில் பி28 புரோலீனும் பி29 லைசீனும் இடம் மாற்றப்பட்டிருக்கின்றன. வாங்கியோடு ஒட்டும் திறன் கிட்டத்தட்ட அதே, சோடி சேரும் திறன் மட்டும் குறைவு. அதனால் வேகம். வெறும்வயிற்றில் இரத்தத்தில் உள்ள இன்சுலின் சுமார் 60 பிக்கோமோலார், அதாவது குப்பியை விட ஒரு கோடி மடங்கு ஐது. அங்கே எல்லாம் தனி மூலக்கூறுதான்.

அந்தத் தனி மூலக்கூறும் அப்படியே போய் ஒட்டுவதில்லை. பி சங்கிலியின் கடைசித் துண்டு உடலை விட்டு விலகித் திறக்க வேண்டும். அப்போதுதான் அடியில் மறைந்திருக்கும் ஏ சங்கிலியின் தொடக்கப் பகுதி வாங்கியில் பதியும். 2013 இல் வெளியான இன்சுலின்–வாங்கிக் கட்டமைப்பு இதை நேரில் காட்டியது. அதற்கு முன்னமே ஒரு புதிர் இருந்தது. பி29 ஐ ஏ1 உடன் பெப்ரைட்டுப் பிணைப்பால் கட்டிவிட்ட இன்சுலினைப் பளிங்காக்கிப் பார்த்தார்கள். வடிவம் இயற்கை இன்சுலினைப் போலவே இருந்தது, செயற்பாடு அறவே இல்லை. அந்தத் துண்டால் விலக முடியவில்லை, அவ்வளவுதான். வகுப்பில் பூட்டும் திறப்பும் என்று படிப்பிக்கிறோமே, இங்கே திறப்பே வளைந்தால்தான் பூட்டுக்குள் போகும்.

அந்த மறைந்த முகம் எவ்வளவு கறார் என்பதற்கு வாகயாமா இன்சுலின் நல்ல உதாரணம். சிலரிடம் பரம்பரையாக ஏ3 வலீன் லூசீனாக மாறியிருக்கிறது. வித்தியாசம் ஒரு காபன், இரண்டு ஐதரசன். வாங்கியோடு ஒட்டும் திறன் நூற்றில் ஒன்றுக்கும் கீழே போய்விடும்.

இனி வெயிலில் கிடந்த குப்பி. சூட்டில் கூட்டிலிருந்து கழன்று நிற்கும் தனி மூலக்கூறுகள் கூடும். அவை காற்றும் கரைசலும் சந்திக்கும் இடத்திலோ பிளாஸ்ரிக் சுவரிலோ படும்போது பாதி அவிழ்ந்து, உள்ளே இருக்கவேண்டிய நீர்வெறுப்பு முகங்களை வெளியே காட்டும். அப்படி அவிழ்ந்தவை ஒன்றோடொன்று ஒட்டி ஒரு வித்தாகும். வித்து உண்டாகும் வரை கனநேரம் ஒன்றுமே தெரியாது. உண்டான பிறகு அடுத்தடுத்த மூலக்கூறுகள் அதன் நுனியில் வந்து அடுக்கி நாரிழையாக நீளும். உள்ளே இப்போது அல்பா சுருள்கள் இல்லை, அடுக்கிய பீற்றா மடிப்புகள்தான். அமினோ அமில ஒழுங்கு அதே, மூன்று இருசல்பைட்டும் அப்படியே, செயற்பாடு பூச்சியம்.

மறுபக்கம் பாருங்கள். நீண்ட நாள் இருப்பில் பி3 அசுபராசீன் தன் அமைட்டை மெல்ல இழக்கும். இரசாயனப்படி அது வேறு சேர்வை, நிறப்பதிவியலில் தனி உச்சியாகவே வரும். ஆனால் வேலை ஏறக்குறைய முழுதாகச் செய்யும், ஏனெனில் பி3 வாங்கியில் படும் முகத்தில் இல்லை.

பலகையில் இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள்: வடிவம் மாறாமல் வேலை போனது, ஒழுங்கு மாறாமல் வேலை போனது, அணு மாறியும் வேலை போகாதது. பிள்ளைகளே கேள்வியைக் கேட்டு முடித்துவிடுவார்கள்.

---

சம்மாந்துறை_மாணவன் பதில்:

எங்கட நோட்ஸில வெப்பம் இருசல்பைட்டுப் பிணைப்பை உடைக்கும் எண்டு இருக்கு. அது உடைஞ்சா ஏ வேற, பி வேற. நேரா அப்பிடிச் சொன்னாப் போதாதா? நாரிழை எதுக்கு?

---

மடிப்பும்_முறுக்கும் பதில்:

தம்பி, அந்த வரியை வெட்டிவிடுங்கள். வெயிலில் நிற்கும் வாகனத்துக்குள் வரும் சூட்டுக்கு உடையும் பிணைப்பு அல்ல அது, பங்கீட்டுவலுப் பிணைப்பு. அந்தச் சூட்டில் தளர்வது ஐதரசன் பிணைப்பும் நீர்வெறுப்பு இடைத்தாக்கமும்தான். ஆய்வுகூடத்தில் பீஎச் 2 அளவில் 60 பாகைக்கு மேல் வைத்து வேண்டுமென்றே நாரிழை உண்டாக்குவார்கள், அதிலும் மூன்று பிணைப்புகளும் தப்பி நிற்கும். கடும் காரத்தில் நிலைமை வேறு, அது குப்பிக்குள் வராத நிலைமை.

இருசல்பைட்டை உடைக்கத் தாழ்த்தும் கருவி வேண்டும். உடைத்தால் ஏ சங்கிலி கரைசலில் நிற்கும், பி சங்கிலி வீழ்படிவாகும், இரண்டுக்கும் தனித்தனியே செயற்பாடு இல்லை. சேர் கேட்ட செய்முறைக்கு அதையே பயன்படுத்தலாம், கீழே எழுதுகிறேன்.

---

கல்முனை_மருந்துக்குப்பி பதில்:

சேர், இரண்டாவது கேள்விக்கு நான் சொல்றேன். அதுக்கு முதல் ஒண்டு: சூட்டைப் பற்றி நம்மட ஆக்களுக்கு இருக்கிற பயம் கூட, உறைதலைப் பற்றி இருக்கிற பயம் குறைவு. மறுபக்கமா இருக்கணும்.

ஜெனீவாப் பல்கலைக்கழகமும் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் 2021 இல் வெளியிட்ட ஆய்வில், கென்யாவின் தடாப் அகதி முகாமில் இருக்கிற மாதிரி 25 க்கும் 37 பாகைக்கும் இடையில ஏறி இறங்கும் வெப்பத்தில மனித இன்சுலினை நாலு கிழமை வைத்துப் பார்த்தார்கள். குளிரில இருந்ததோட ஒப்பிட்டா வலு இழப்பு நூற்றுக்கு ஒன்றைத் தாண்டவில்லை. ஆகவே ஒரு நாள் கறண்ட் இல்லை எண்டு குப்பியை வீசத் தேவையில்லை. திறக்காததை 2–8 பாகையில வைக்கணும், திறந்ததைப் பெரும்பாலும் நாலு கிழமை அறைவெப்பத்தில பாவிக்கலாம். சரியான கணக்கு ஒவ்வொரு தயாரிப்பின்ட பத்திரத்திலயும் இருக்கும். திறந்த திகதியை லேபிளில எழுதாத குப்பியை நம்ப ஏலாது.

உண்மையாக் கெடுக்கிறது இவைதான். வெயிலில நிக்கிற மோட்டார்சைக்கிள் சீட்டுக்கு அடியில வைக்கிறது. வட்டைக்கு (வயலுக்கு) போகக்குள்ள சட்டைப் பையில போட்டு நாள் முழுக்கக் குலுக்குறது. ஐஸ் அறைக்குப் பக்கத்திலயோ பிறிட்ஜின் பின்சுவரில முட்டியோ வைக்கிறது. கறண்ட் நிண்டா உடன ஐஸுக்குள்ள புதைக்கிறது. உருகிற வெறும் ஐஸ் பூச்சியம் பாகை, அது எல்லைக்கோட்டில நிக்கும். மீனுக்குப் போடுற உப்புச் சேர்ந்த ஐஸ் அதுக்கும் கீழ போகும். ஐஸ் பக்கெற்றை ஐஸ் அறையிலிருந்து எடுத்த கையோட வைக்காமல் வேர்க்கும் வரை வெளியில வைத்து, துணி சுத்தி, பிறகு குப்பிக்குப் பக்கத்தில வையுங்க. உறைஞ்சு இளகினது பார்க்க நல்லா இருந்தாலும் பாவிக்கக் கூடாது. ஐஸ் பளிங்கு வளர வளர மிச்சத் திரவத்தில இன்சுலினும் உப்பும் நெருங்கித் திரளும், ஐசோபேன் எண்ட பால் நிற இன்சுலினில துணிக்கைகள் ஒண்டோடொண்டு ஒட்டிக்கொள்ளும், அதுக்குப் பிறகு ஒவ்வொரு இழுவையிலும் ஒவ்வொரு அளவு வரும்.

கண்ணால பார்க்கிறது: தெளிவான வகையில மங்கல், நூல், சுவரில படிவு எது தெரிந்தாலும் வீசுங்க. பால் வகையை (ஐசோபேன், 30/70 கலவை) உள்ளங்கைகளுக்கு நடுவில 10 தரம் உருட்டி, 10 தரம் தலைகீழாக்கின பிறகு ஒரே சீரான பாலாக வரணும். அடியில கட்டி, கண்ணாடியில பனி பிடிச்ச மாதிரி வெள்ளை இருந்தா வீசுங்க. குலுக்கி நுரை எழுப்பக் கூடாது. மேல அண்ணன் சொன்ன காற்று–கரைசல் எல்லையை நுரை பல மடங்கு பெருப்பிக்கும். ஆனா, தெளிவா இருந்தா நல்லது எண்டு அர்த்தமில்லை. நாரிழை கண்ணுக்குத் தெரிய முன்னமே சிறு திரள்கள் இருக்கலாம்.

வெளிக்காற்று காய்ந்த கச்சான் காலத்தில மண்சட்டி முறை நல்லா வேலை செய்யும். பெரிய சட்டிக்குள்ள தயிர் முட்டியை வைத்து, இடையில மணல் போட்டு ஈரமாக்கி, ஈரத்துணியால மூடி, நிழலில காத்து படுற இடத்தில வையுங்க. குப்பியை மூடின சின்னப் பிளாஸ்ரிக் பெட்டிக்குள்ள போட்டு வைக்கணும், இல்லாட்டி லேபிள் அழிஞ்சு திகதி போயிரும். மாரியில காற்றே ஈரம், ஆவியாகாது, சட்டி பெரிசா உதவாது. அந்த நேரம் வெளிவெப்பமும் குறைவுதானே.

கடைசியா, சீனி இறங்காட்டி குப்பிதான் குற்றவாளி எண்டு முடிவு கட்டாதீங்க. ஒரே இடத்தில போட்டுத் தடிச்ச கொழுப்புக் கட்டி, உருட்டாமல் இழுத்த பால் இன்சுலின், இரண்டையும் கலக்கக்குள்ள பாலானதை முதல் இழுத்து அதிலிருக்கிற புரோற்றமீன் (இன்சுலினை மெதுவாக்கிற புரதம்) தெளிவான குப்பிக்குள்ள கலந்தது, எல்லாம் அதே மாதிரித்தான் தெரியும். சந்தேகக் குப்பிக்குத் தானாக அளவைக் கூட்டுறது பெரிய ஆபத்து. புதுக் குப்பி வந்ததும் அதே கூட்டின அளவைப் போட்டா சீனி ஒரேயடியா விழும். சீனி கூடி வாந்தி, வயிற்று நோ, ஆழமான வேகமூச்சு எண்டு வந்தா குப்பியை ஆராயாமல் ஆஸ்பத்திரிக்குப் போகணும்.

---

மடிப்பும்_முறுக்கும் பதில்:

செய்முறை. காலாவதியான, தெளிவான கரையும் மனித இன்சுலின் (100 அலகு) 1 மி.லீ. எடுங்கள். அதில் 3.5 மி.கி. இன்சுலின் இருக்கும். பால் வகை உதவாது, தொடக்கத்திலேயே கலங்கல். பீஎச் 7, 0.1 மோலார் சோடியம் பொசுபேற்றுத் தாங்கற் கரைசலில் ஈடிடிஏ 2 மில்லிமோலார் சேர்த்து, அதில் 9 மி.லீ. விட்டு ஐதாக்குங்கள். ஈடிடிஏ நாகத்தைப் பிடித்துக் கூட்டைத் தளர்த்தும். மூன்று பரிசோதனைக் குழாய்களில் 3 மி.லீ. வீதம் ஊற்றுங்கள்.

முதற் குழாய் கட்டுப்பாடு, தொட வேண்டாம்.

இரண்டாவதில் தாழ்த்தும் கருவி. டைதயோதிரெயிற்றோல் 154 மி.கி. ஐ நீரில் கரைத்து 1 மி.லீ. ஆக்கினால் 1 மோலார். அதில் 60 மைக்குரோலீற்றரைக் குழாயில் விட்டால் இறுதிச் செறிவு 20 மில்லிமோலார். முதல் சில நிமிடங்கள் ஒன்றும் தெரியாது, பிறகு மங்கி, வெள்ளையாகும். நிறமானிக்குப் பதில் குழாய்க்குப் பின்னால் அச்சடித்த எழுத்தை வைத்து, அது மறையும் நேரத்தைக் குறிக்கச் சொல்லுங்கள்.

மூன்றாவதில் 1 மோலார் அசற்றிக்கமிலத்தைத் துளி துளியாக, பீஎச் தாள் 5 க்கும் 5.5 க்கும் இடையில் காட்டும் வரை. இன்சுலினின் சமமின்புள்ளி (மொத்த மின்னேற்றம் பூச்சியமாகும் பீஎச்) 5.3 அளவில், அங்கே மூலக்கூறுகள் ஒன்றையொன்று தள்ளாமல் வீழ்படியும். பிறகு 1 மோலார் ஐதரோக்குளோரிக்கமிலத் துளிகளால் 3 க்குக் கீழே இறக்கினால் திரும்பத் தெளியும். இரண்டு குழாய்களிலும் கலங்கல்தான். ஆனால் மூன்றாவதில் முழு இன்சுலின் மூலக்கூறு அப்படியே இருக்கிறது, இரண்டாவதில் சங்கிலிகள் பிரிந்துவிட்டன. கலங்கல் என்றால் பழுது என்று எழுதும் பிள்ளைக்கு இந்தக் குழாய் வேண்டும்.

பிழைக்கும் இடங்கள்: டைதயோதிரெயிற்றோல் கரைசல் பழசானால் ஒட்சியேறி வேலை செய்யாது, அன்றன்று கரைக்க வேண்டும். தாங்கற் கரைசல் பலவீனமாக இருந்து பீஎச் 6 க்குக் கீழே வந்தால் முதற் குழாயே கலங்கும். டைதயோதிரெயிற்றோல் நாறும், தோலையும் எரிக்கும். கையுறையோடு நீங்களே விடுங்கள். பாடசாலையில் இருக்காது. வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ சம்மாந்துறைப் பிரயோக விஞ்ஞான பீடத்திலோ பழக்கமானவர்கள் இருந்தால் கேட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டால் முதலாவதும் மூன்றாவதும் மட்டும் செய்யலாம்.

இதில் தெரிவது கட்டமைப்பு மட்டும், செயற்பாடு அல்ல என்பதையும் சொல்லிவிடுங்கள். செயற்பாட்டை அளக்க ஒரு காலத்தில் முயலுக்கு ஊசி போட்டு இரத்தச் சீனி எவ்வளவு விழுகிறது என்று பார்த்தார்கள். இன்சுலின் ‘அலகு’ பிறந்ததே அப்படித்தான்.

---

மகப்பேற்று_விடுதி பதில்:

இன்சுலினோடு நிற்காமல் ஒக்சிரோசினையும் சேர்த்துக்கொள்ளுங்கோ, வகுப்பில் வரைய இன்னும் லேசு. ஒன்பது அமினோ அமிலம், 1 ஆம் 6 ஆம் சிஸ்ரெயீன்கள் இருசல்பைட்டால் பிணைந்து வளையம், மூன்று நீளத்தில் ஒரு வால். 3 ஆம் இடத்திலும் 8 ஆம் இடத்திலும் வேறு அமினோ அமிலங்களை வைத்தால் அது வாசோபிரசின். ஒன்று கருப்பையைச் சுருக்கும், மற்றது சிறுநீரகத்தில் நீரை மறிக்கும்.

வளையம் போனால் ஒக்சிரோசினுக்கு வேலை இல்லை, இன்சுலினைப் போலல்லாமல் இங்கே சூட்டில் முதலில் ஆபத்துக்குள்ளாகும் இடங்களில் அந்த இருசல்பைட்டும் ஒன்று. அதனால்தான் 2–8 பாகை என்று அவ்வளவு கண்டிப்பு. ஒக்சிரோசினின் செயற்கை வடிவமான காபெற்றோசினில் வளையத்தை வைத்துக்கொண்டு அந்தப் பிணைப்பை மாற்றியிருக்கிறார்கள்: இரண்டு கந்தகத்தில் ஒன்றுக்குப் பதில் காபன். வெப்பத்தைத் தாங்கும் தயாரிப்பு 30 பாகையில் குறைந்தது 3 வருடம் தாங்கும். 2018 இல் வெளியான உலக சுகாதார அமைப்பின் ஆய்வில் 10 நாடுகளில் ஏறக்குறைய 30,000 தாய்மாரில் ஒக்சிரோசினோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள், பிள்ளைப்பேற்றுக்குப் பின்னான இரத்தப்போக்கைத் தடுப்பதில் அதற்குக் குறைந்ததாக இல்லை.

---

வாவிக்கரை_உயிரியல் கேட்டது:

எல்லோருக்கும் நன்றி. கரையும் இன்சுலின் கைவசம் இல்லை, காலாவதியான கிளார்ஜின் (நீண்டநேர இன்சுலின்) பேனைகள் இரண்டு கிடைக்கும். அதை வைத்து மேலே சொன்ன செய்முறையைச் செய்யலாமா?

---

மடிப்பும்_முறுக்கும் பதில்:

அப்படியே செய்தால் தாங்கற் கரைசல் பட்ட உடனேயே முதற் குழாய் கலங்கிப் போகும். கிளார்ஜினில் ஏ21 இல் கிளைசீன், பி சங்கிலியின் முனையில் மேலதிகமாக இரண்டு ஆர்ஜினீன். சமமின்புள்ளி நடுநிலைக்குக் கிட்ட நகர்ந்துவிட்டது. பேனைக்குள் பீஎச் 4 இல் கரைந்து நிற்கும், தோலுக்குக் கீழே நடுநிலையானதும் நுண்ணிய வீழ்படிவாகி மெதுவாகக் கரைந்து ஒரு நாள் தாங்கும். மற்ற இன்சுலினோடு ஒரே சிரிஞ்சில் கலக்கக் கூடாது என்பதும் இதனால்தான்.

ஆகவே அதைத் தனிச் செய்முறையாக வையுங்கள். 0.1 மி.லீ. கிளார்ஜினை 0.9 மி.லீ. பீஎச் 7 தாங்கற் கரைசலில் விட்டுக் கலங்கலைக் காட்டுங்கள், பிறகு ஐதரோக்குளோரிக்கமிலம் துளி துளியாக. இதற்கு ஈடிடிஏயும் வேண்டாம், டைதயோதிரெயிற்றோலும் வேண்டாம். பேனையிலிருந்து திரவத்தை வகுப்புக்கு முன்னமே நீங்கள் எடுத்துச் சின்னக் குழாயில் வைத்துவிடுங்கள். ஊசியைத் தடித்த பிளாஸ்ரிக் போத்தலில் போட்டு மூடி கிளினிக்கில் கொடுத்துவிடலாம்.